பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்

இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறவரைத் திட்ட நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு. பாம்பு எதிரே வந்தால் ‘நானும் உன் இனம்தான்’ என்று தலையை நீட்டுமாம். மீன் வந்தால் திரும்பி நின்று வாலை ஆட்டுமாம். எங்கள் குடும்பத்தில் இந்தத் திட்டை அதிகம் வாங்கியவர் ஒரு சித்தப்பா. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதற்கும் தலையாட்டுவார், பெண் வீட்டார் சொல்வதற்கும் தலையாட்டுவார். அவர் போய்ப் பேசிய கல்யாணங்கள் நடந்தன என்பது வேறு விஷயம்.

சிட்னிக்கு மேற்கே, ஹரிஸ் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அந்தச் சித்தப்பா நினைவுக்கு வந்தார். அடுத்த நிலையம் பரமட்டா. தமிழ்க் காதில் அந்த அறிவிப்பு ‘வரமாட்டா’ என்றுதான் விழும். வருகிறேன் என்று சொன்ன யாரோ ஒருத்தி ஏமாற்றிவிட்டதுபோல. அந்தப் பெயருக்குள் ஒரு விலாங்கு இருக்கிறது. ஊரின் ரக்பி அணிக்கும் விலாங்குதான் பெயர். இருபது நிமிடம் நடந்தால் வரும் ஆற்றில் நிஜ விலாங்குகள் நெளிகின்றன. வேறு வேறு நாடு, மொழி, சாமியோடு வந்து ஒரே ஊரில் குடியேறியவர்களை ஒரு சின்னம் சேர்த்து வைக்குமா என்ற கேள்விக்கு, இந்த வழவழப்பான பிராணியிடம் பதில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஊர். ஹரிஸ் பார்க்கின் கடைத்தெருவுக்கு விக்ரம் தெரு என்று பெயர். ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர்தான். நம்மவர் வாயில் அது எப்போதோ நடிகர் விக்ரம் ஆகிவிட்டது. தகரக் கூரையும் மர வராந்தாவும் கொண்ட பழைய குடியிருப்பு வீடுகளில் இன்று தோசைக் கல் காய்கிறது, தந்தூரி அடுப்பு எரிகிறது. 2023 மே மாதம் இந்தியப் பிரதமர் சிட்னிக்கு வந்தபோது, இந்தப் பகுதிக்கு ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயர் மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆலிஸ் தெருவுக்குத் திரும்பினால் காட்சி மாறுகிறது. அங்கே லெபனான் நாட்டு மாரோனைட் கிறிஸ்தவர்களின் பெரிய மாதா கோவில் நிற்கிறது. அதே தெருவில் இன்னும் கொஞ்சம் நடந்தால் எலிசபெத் ஃபார்ம். 1793-இல் கட்டத் தொடங்கிய வீடு. ஆஸ்திரேலியாவில் இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் மிகப் பழையது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த டாருக் மக்களின் மண்.

இத்தனை பேர் அடுத்தடுத்து இருந்தால் உரசல் இல்லாமலா? 2009 ஜூனில், இந்திய மாணவர்கள் தாக்கப்படுவதை எதிர்த்து இதே தெருக்களில் இரவு இரவாக நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். தாக்கியவர்கள் லெபனான் வழியினர் என்று கூட்டத்தில் குற்றச்சாட்டு எழுந்தது. போலீஸ் நடுவில் நின்றது. எனவே, சேர்த்து வைக்கும் சின்னம் பற்றிய கேள்வி இந்த ஊருக்குப் பட்டிமன்றத் தலைப்பு கிடையாது.

இனி பெயர். டாருக் மக்களில் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த குலத்துக்குப் பர்ரமட்டகல் என்று பெயர். ‘பர்ரா’ என்றால் விலாங்கு. ‘மட்டா’ என்பது நீருள்ள இடம். ‘கல்’ என்பது அந்த இடத்து ஆட்கள். விலாங்குகள் படுத்துக் கிடக்கும் இடத்துக்காரர்கள் என்று பொருள் சொல்கிறார்கள். 1788-இல் கவர்னர் ஃபிலிப் இங்கே குடியேற்றம் தொடங்கியபோது ‘ரோஸ் ஹில்’ என்று ஓர் ஆங்கிலப் பெயரை வைத்தார். மூன்றாண்டு கழித்து, 1791 ஜூன் 4 அன்று, அரசரின் பிறந்தநாளில், அதை எடுத்துவிட்டு அந்த மண்ணின் பெயரையே திரும்ப வைத்தார். மண்ணை எடுத்துக்கொண்டு பெயரைத் திருப்பிக் கொடுத்தார் என்றும் சொல்லலாம். எப்படியோ, பிரிட்டிஷ் வரைபடத்துக்குள் ஒரு விலாங்கு நுழைந்துவிட்டது.

அந்தப் பிராணி எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தால், எந்தக் குலமும் அதைத் தன் பெயராக வைத்துக்கொள்ளத்தான் செய்யும். பரமட்டா ஆற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு முதுகுத் துடுப்பு நீளம், மற்றதற்குக் குட்டை. நீளத் துடுப்புள்ள பெண் விலாங்கு ஒன்றரை மீட்டர் வரை வளரும், அதாவது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு. ஆண் அதில் பாதிகூட வராது. நன்னீரிலேயே இருபது, முப்பது ஆண்டுகள் கிடக்கும். குளம் வற்றினால் மழை இரவில் கரையேறிப் புல்லில் நெளிந்து அடுத்த நீருக்குப் போய்விடும். ஈரம் இருக்கும்வரை தோலாலேயே மூச்சு விட அதற்குத் தெரியும். சிட்னி நகரத்தின் சென்டெனியல் பூங்காவில் இருக்கும் குளத்து விலாங்குகள், குளம் விட்டுக் குளமும் கால்வாயும் தாண்டி, வழியில் கால்ஃப் மைதானங்களையும் கடந்து கடலைச் சேர்வது அந்நகரத்தாருக்குப் பழகிப்போன கதை.

ஏன் கடல்? அங்கேதான் இந்தப் பிராணியின் பெரிய மாயம். ஒரு நாள் உடம்புக்குள் ஏதோ மணி அடிக்கிறது. மஞ்சளும் பழுப்புமாக இருந்த தோல் வெள்ளியாகிறது. ஆழ்கடல் இருட்டுக்காகக் கண்கள் பெரிதாகின்றன. குடல் சுருங்குகிறது, இனிமேல் சாப்பாடே இல்லை. சேர்த்துவைத்த கொழுப்பை மட்டும் எரித்துக்கொண்டு, நியூ கலிடோனியாவை ஒட்டிய பவளக்கடலை நோக்கி நீந்துகிறது. ஏறத்தாழ 2,000 கி.மீ.; சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் ஓடும் தூரத்தை ஒருவர் பட்டினியாக நீந்திக் கடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா மாநிலத்து விலாங்குகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி அனுப்பியவர்கள், அவை பகலில் வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே ஏறி வருவதைக் கண்டார்கள். சிலவற்றைச் சுறாவும் திமிங்கிலமும் வழியிலேயே விழுங்கிவிட்டன. மிஞ்சியவை முட்டையிட்டுச் செத்துப்போகும். திரும்பி வருவது ஒன்றுமில்லை.

அந்த முட்டையிடும் காட்சியை இயற்கையில் இதுவரை ஒரு மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. உலகின் எந்தக் கடலிலும், எந்த நன்னீர் விலாங்கு வகையிலும் பார்த்ததில்லை. அரிஸ்டாட்டில், விலாங்கு சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று முடிவு கட்டினார். 1876-இல், இன்றைய இத்தாலிக் கடற்கரையின் ட்ரியஸ்டே நகரில் ஓர் இளம் மாணவர் ஆண் விலாங்கின் விதைப்பையைத் தேடி ஏறக்குறைய 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்துச் சலித்தார். அவர் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்டு. பிற்பாடு மனித மனத்தை அறுக்கப் போனார். அது விலாங்கைவிடச் சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ. விலாங்கின் குஞ்சைக்கூட நெடுங்காலம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அது ஊடுருவித் தெரியும் ஓர் இலைபோல் தட்டையாக இருக்கும். வேறு ஒரு மீன் இனம் என்றே அதற்குத் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். 1896-இல் இரண்டு இத்தாலியர்கள் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இலை சுருண்டு விலாங்காக மாறியது.

ஆக, பாம்பா மீனா என்ற சந்தேகம் நமக்கு மட்டுமானதில்லை. மீன்தான்; செவுளும் துடுப்பும் உண்டு. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள், எந்த வயதில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது இலை, கண்ணாடிக் குச்சி, மண்புழு, பாம்பு, வெள்ளிக் கயிறு.

விலாங்கு மனிதர்களைக் கூட்டிச் சேர்த்ததற்கு மிகப் பழைய சாட்சி விக்டோரியாவின் தென்மேற்கில் கிடக்கிறது. பட்ஜ் பிம் என்ற எரிமலை கக்கிய குழம்பு உறைந்த கருங்கல் வெளி அது. குண்டிட்ஜ்மரா மக்கள் அந்தக் கற்களைப் பெயர்த்து வாய்க்கால் வெட்டி, தடுப்புக் கட்டி, மழைக்கு வந்து இறங்கும் விலாங்குகளைக் குளங்களுக்குத் திருப்பிவிட்டு வளர்த்தார்கள். வாய்க்காலின் குறுகலான முனையில் பின்னல் கூடை. சின்னது நழுவிப் போகும், பெரியது மாட்டும். கல்லணைக்கு நாம் 2,000 ஆண்டு என்று மார்தட்டுகிறோம். இந்த வாய்க்கால்களில் சில குறைந்தது 6,600 ஆண்டுப் பழசு. 2019-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. விலாங்கு கொழுத்து இறங்கும் பருவத்தில், அதே மாநிலத்தின் பொலாக் ஏரிக்கரையில் வெவ்வேறு குலங்கள் வந்து கூடும். பெண் கொடுப்பது, வழக்குத் தீர்ப்பது, பண்டம் மாற்றுவது எல்லாம் அங்கேதான். கூடுவதற்குச் சாப்பாடு வேண்டும். ஒரே இடத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு போட விலாங்கால் முடிந்தது. சின்னம் ஆவதற்கு முன்னால் அது பந்தி.

பந்தியிலிருந்து சின்னத்துக்கு எப்படித் தாவுகிறது? இதைப் பற்றி யோசித்து ஒரு பெரிய நூல் எழுதியவர், ஆஸ்திரேலிய மண்ணை ஒருமுறைகூட மிதிக்காத பிரெஞ்சுக்காரர். எமில் துர்க்கைம் பாரிஸில் உட்கார்ந்து, ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி வந்த குறிப்புகளைப் படித்து, 1912-இல் மத வாழ்வின் அடிப்படைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். குலக்குறி, அதாவது ஒரு குலம் தன் பெயராகவும் உறவாகவும் கொள்ளும் விலங்கோ செடியோ, அவரை ஒரு விஷயத்தில் வியக்க வைத்தது. குலக்குறிகளில் பெரும்பாலானவை சிங்கம்போல் கம்பீரமானவை இல்லை. பல்லி, கம்பளிப்புழு, தவளை, எறும்பு, வாத்து. பயமும் பிரமிப்பும்தான் கும்பிட வைக்கின்றன என்றால், கம்பளிப்புழுவை யார் கும்பிடுவார்கள்? ஆகவே அந்தச் சக்தி புழுவிடமிருந்து வரவில்லை, சுற்றி நிற்கும் கூட்டத்திடமிருந்து வருகிறது என்றார் அவர். பத்துப் பேர் சேர்ந்து ஆடும்போது உடம்பில் ஏறும் சூடு, கூட்டம் கலைந்ததும் ஆறிவிடும். அதை ஒட்டிவைக்க எளிதில் வரையக்கூடிய, எளிதில் அடையாளம் தெரியும் ஓர் உருவம் வேண்டும். திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தபின்னும் மணிக்கட்டில் கிடக்கும் காப்புக் கயிற்றை நினைத்துக்கொண்டால் போதும். துர்க்கைம் சொன்ன பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் கழித்துவிட்டார்கள். இந்த ஒன்று மட்டும் நழுவாமல் நிற்கிறது என்பது என் எண்ணம்.

அந்தச் சூட்டை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவைனும் சக ஆய்வாளர்களும் செய்து 2005-இல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களான மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை உட்கார வைத்து, தங்கள் அணி ஏன் பிடிக்கும் என்று எழுத வைத்தார்கள். ‘மீதியைப் பக்கத்துக் கட்டடத்தில் செய்வோம், போங்கள்’ என்று ஒவ்வொருவராக அனுப்பினார்கள். வழியில் ஒருவர் ஓடிவந்து, வழுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அவர் நடிகர். சில நேரம் மான்செஸ்டர் சட்டை, சில நேரம் பரம எதிரியான லிவர்பூல் சட்டை, சில நேரம் வெறும் சட்டை.

மான்செஸ்டர் சட்டையோடு விழுந்தவருக்குப் பத்தில் ஒன்பது பேர் உதவப் போனார்கள். லிவர்பூல் சட்டைக்கும் வெறும் சட்டைக்கும் மூன்றில் ஒருவர்தான். இதுவரை ஆச்சரியம் இல்லை. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டைக்காரர் விழுந்தாலும் இதேதான் நடக்கும். பிறகு இதே சோதனையை வேறு மான்செஸ்டர் ரசிகர்களிடம், ஒரே ஒரு மாற்றத்தோடு செய்தார்கள். உங்கள் அணியைப் பற்றி எழுதாதீர்கள், கால்பந்து ரசிகராக இருப்பதில் என்ன சுகம் என்று எழுதுங்கள் என்றார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்கும் பத்தில் ஏழு பேர் ஓடினார்கள். அதே சட்டை, அதே வழுக்கல், அதே கத்தல். முன்னால் எழுதியது மட்டும்தான் வேறு. நேற்றுவரை எதிரிக் கொடியாக இருந்தது, வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதும் பங்காளிக் கொடி ஆகிவிட்டது.

ஆனால் வெறும் சட்டைக்காரரின் நிலை தேறவில்லை. அவருக்கு இரண்டாம் முறை ஐந்தில் ஒருவர்தான் உதவினார். வேலி நகர்ந்தது, அழியவில்லை. சின்னத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் யாரும் இந்த மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வேலியைப் போட எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்று 1970-களின் தொடக்கத்தில் பிரிஸ்டலில் உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் காட்டினார். பள்ளிப் பையன்களுக்கு ஓவியங்களைக் காட்டி, உனக்குக் க்ளேயின் படம் பிடித்திருக்கிறது, உனக்குக் கண்டின்ஸ்கியின் படம் என்று பிரித்தார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தது. அதுவே போதுமாக இருந்தது. பணத்தைப் பங்கிடச் சொன்னதும் பையன்கள் தங்கள் கும்பலுக்கு அதிகம் கொடுத்தார்கள். தன் கும்பலுக்குக் கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை, மற்றவனைவிட மேலே இருந்தால் சரி என்று கொடுத்தவர்களும் உண்டு. வாய்க்கால் வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

பரமட்டாவுக்கு வருவோம். அதன் ரக்பி அணி 1947-இல் சிட்னி போட்டிகளில் சேர்ந்தது. ‘விலாங்குகள்’ என்ற பெயர் 1970-களில்தான் ஒட்டிக்கொண்டது. நீலமும் மஞ்சளும் அதன் நிறம். 1981 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டும், பிறகு 1986-லும் கோப்பை வாங்கியது. அப்புறம் வாங்கவே இல்லை. 2022-இல் இறுதிப் போட்டிவரை போய்ப் பக்கத்து ஊரான பென்ரித்திடம் தோற்றது. சேர்ந்து ஜெயிப்பதைவிடச் சேர்ந்து தோற்பது ஆட்களை இறுக்கமாகக் கட்டும் என்பதற்கு, நீலமஞ்சள் சட்டையோடு போட்டி முடிந்த இரவில் விக்ரம் தெருவுக்குச் சாப்பிட வருகிறவர்களின் முகமே போதும். அந்தச் சட்டையை மாட்டியவர்களில் பெய்ரூட்டிலிருந்து வந்தவரின் மகனும் இருக்கலாம், லூதியானாவிலிருந்து வந்தவரின் மகளும் இருக்கலாம். முந்தைய தலைமுறை கிரிக்கெட்டை விடாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து விலாங்கைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

அவர்கள் எல்லாரும் அந்த விலாங்கில் ஒன்றையேதான் பார்க்கிறார்களா என்றால், இல்லை. விளையாட்டு ரசிகருக்கு அது எதிராளியின் பிடியில் சிக்காத ஆட்டக்காரன். டாருக் மக்களுக்கு அது உறவு. தங்கள் பெயருக்குள்ளேயே இருக்கிற முன்னோர். எலிசபெத் ஃபார்ம் வீட்டில் நடந்த விலாங்குத் திருவிழாவுக்குப் போனவருக்கு, புகை போட்ட வாசனையான மீன். எனக்குச் சித்தப்பா. மானிடவியலாளர் விக்டர் டர்னர் ஆப்பிரிக்காவின் ந்டெம்பு மக்களின் சடங்குகளைப் பார்த்துவிட்டு, வலிமையான சின்னம் எப்போதும் பலகுரல் கொண்டது என்றார். ஒரே பொருள் ஒவ்வொருவரிடமும் வேறொன்று பேசும். பேசுவது வேறு வேறானாலும் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி நிற்பார்கள். பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். நாம் திட்டாக வைத்திருப்பது, சின்னத்தின் வேலை என்ன என்பதற்கான நல்ல விளக்கம்.

இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும் ஒன்றும் ஹரிஸ் பார்க்கிலேயே இருக்கிறது. ஏதாவது ஒரு மளிகைக் கடையில் நுழைந்து, இந்தியாவிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. சைவம். தமிழோ குஜராத்தியோ படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே செய்தி. அசைவத்துக்கும் முதலில் இதே புள்ளிதான், நிறம் மட்டும் பழுப்பு. பிறகுதான் நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலவே தெரியும் என்பது உறைத்தது. புதிய விதியில் அசைவப் புள்ளியை முக்கோணமாக்கினார்கள். அடையாளக் குறி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: எல்லாருக்கும் ஒரே அர்த்தம், ஓட்டை இருந்தால் அடைத்துவிட வேண்டும். ஆனால் பச்சைப் புள்ளிக்காக யாரும் கொடி பிடித்து அழுததில்லை. அர்த்தம் முழுக்க நிறைந்துவிட்டால் நம்முடையதை வைக்க இடம் இல்லாமல் போகிறது.

முழுக்கக் காலி செய்தாலும் வேலைக்கு ஆகாது. செஞ்சிலுவை 1864-இல் சுவிஸ் கொடியின் நிறத்தைத் திருப்பிப் போட்டு உண்டானது. 1876-இல் ரஷ்யாவோடு போர் நெருங்கியபோது ஆட்டோமன் பேரரசு, சிலுவை எங்கள் வீரர்களுக்கு உறுத்துகிறது என்று செம்பிறையை எடுத்துக்கொண்டது. இரண்டும் வேண்டாம், யாருக்கும் உறுத்தாத ஒன்றை வரைவோம் என்று 2005-இல் ஒரு வெற்றுச் செஞ்சதுரத்தைக் கோணத்தில் நிறுத்தினார்கள். பெயர் செம்படிகம். மதம் இல்லை, நாடு இல்லை, நினைவும் இல்லை. அதை விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர். உறுத்தாமல் இருப்பதற்கென்றே வரைந்தது ஒருவரையும் தொடவில்லை.

ஈழத்தவருக்கு இன்னொரு பாடம் வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது கண்டி அரசின் சிங்கக் கொடி ஏறியது. தமிழரும் முஸ்லிம்களும் எங்கே என்று கேள்வி எழ, ஒரு குழு அமைத்தார்கள். 1951-இல் காவியும் பச்சையுமாக இரண்டு கோடுகள் சேர்ந்தன. சிங்கத்துக்கு ஒரு கட்டம், கோடுகளுக்குத் தனிக் கட்டம். குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இதை ஏற்க மறுத்தார். ஓவியமாகப் பார்த்தால் கணக்கு சரிதான். ஆளுக்கு ஒரு பங்கு. ஆனால் பந்தியில் உனக்கு இந்த மூலை என்று உட்கார வைக்கப்பட்டவருக்கும், தானாக வந்து உட்கார்ந்தவருக்கும் சோறு ஒரே மாதிரி இறங்காது.

லெபனானின் கேதுரு மரம் நல்ல நடுவிடத்தில் தொடங்கியது. விவிலியத்தில் வரும் மரம்; அதே சமயம் மலையில் எல்லாரும் பார்க்கிற மரம். 1943-இல் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் துரூசியரும் சேர்ந்த நாட்டின் கொடி நடுவில் அதை நிறுத்தினார்கள். 1975-இல் உள்நாட்டுப் போர் வந்தது. கிறிஸ்தவப் படைகள் சில அதே மரத்தைத் தங்கள் முத்திரையில் வைத்துக்கொண்டன. பல தெருக்களில் கேதுரு என்றால் துப்பாக்கி என்றானது. 2005-இல் பெய்ரூட் சதுக்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் கட்சிக் கொடிகளைக் கீழே வைத்துவிட்டு நாட்டுக் கொடியைத் தூக்கியபோது, மரம் கொஞ்சம் மீண்டது. ஒரு சின்னம் ஒரே தலையை மட்டும் காட்டத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஆலிஸ் தெரு மாதா கோவிலுக்கு வருகிற பெரியவர்கள் எந்த மானிடவியலாளரைவிடவும் நன்றாகச் சொல்வார்கள்.

விலாங்குக்கும் அந்த ஆபத்து உண்டு. அணியின் விற்பனைக் கடையில் தொங்கும் விலாங்கு, டாருக் குலத்தின் விலாங்கை மறைத்துவிடலாம். பெயரைக் கொடுத்தவர்கள் வெறும் சட்டைக்காரராக ஓரத்தில் நிற்க நேரலாம். சின்னம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதை நிறுத்தினால், அதில் ஒரு குரல் அடங்கிப்போகும்.

கடைசியாக, அந்த ஆற்றுக்கே போய்ப் பார்த்தேன். படகுத்துறைக்கு மேலே சார்ல்ஸ் தெருவில் ஒரு தடுப்பணை. கடலின் உப்பு அதுவரைதான் ஏறும். அதற்கு மேலே நன்னீர். ஆற்றின் தடுப்பணைகளில் மீன் ஏறுவதற்கென்றே படிகள் கட்டியிருக்கிறார்கள். கோடை தேய்ந்து வரும் மாதங்களில், பவளக்கடலிலிருந்து நீரோட்டம் பல மாதம் சுமந்து வந்த குஞ்சுகள் சிட்னிக் கடற்கரையில் கண்ணாடி விலாங்காகக் கரை தொடும். தீக்குச்சி நீளம், கண் இரண்டும் மட்டும் கறுப்புப் புள்ளி.

சால்மன் மீன் தான் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பும் என்று படித்திருப்போம். விலாங்கு அப்படி இல்லை. குவீன்ஸ்லாந்து, சிட்னி, டாஸ்மேனியா என்று எல்லா ஆற்றின் நீளத்துடுப்பு விலாங்குகளும் தொலைவான ஒரே கடற்பரப்பில் கலந்துவிடுகின்றன. மரபணுவைப் பரிசோதித்தவர்களால் இது இந்த ஆற்றுக் குடும்பம், அது அந்த ஆற்றுக் குடும்பம் என்று பிரிக்க முடியவில்லை. குஞ்சுகளுக்குச் சொந்த ஆறு கிடையாது. நீரோட்டம் எந்த முகத்துவாரத்தில் விடுகிறதோ அதற்குள் ஏறிவிடும். பரமட்டாவுக்குப் பெயர் கொடுத்த பிராணிகளில் ஒன்றுகூடப் பரமட்டாவில் பிறந்ததில்லை.

அவற்றில் சில தடுப்பணைவரைகூடப் போகாமல் முன்பே திரும்பி, எலிசபெத் ஃபார்ம் பக்கமாக வரும் களிமண் மேட்டு ஓடைக்குள் நுழையலாம். இன்று அது ஹரிஸ் பார்க் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சிமென்ட் வாய்க்கால். மழை பெய்த இரவில் அதன் ஈரச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடி நூல்போல ஏதோ மேலே நகர்வது தெரியக்கூடும். அந்த வயதில் தலையும் ஒன்றுதான், வாலும் ஒன்றுதான். இரண்டின் வழியாகவும் வெளிச்சம் நேரே போய்ச் சுவரில் விழும்.